ஒரு சாண் பெற்றோல் ஹோஸ்

தாஹிரின் பிக்கப் லிங்கநகர் ஏற்றத்தில் ஏறி வருவதற்கு முன்பே அதன் பெற்றோல் மணம் வந்துவிட்டது. சிவாஜினி கையிலிருந்த முச்சக்கரவண்டிச் சில்லைக் கீழே போட்டுவிட்டுக் கராஜுக்கு வெளியே ஓடி வந்தாள்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ தம்பி! உள்ளுக்கு எடுக்க வேண்டாம், அதிலயே நிப்பாட்டுங்கோ!"

பழைய நீல டட்சன். அந்தக் காலத்து ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடு. பின்பெட்டியின் மூலைகளில் வெங்காயச் சருகு ஒட்டிக்கிடந்தது. தாஹிர் இறங்கி, மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றான். திருகோணமலைச் சந்தையில் மரக்கறி மொத்தமாக எடுத்து விற்பவன். அவனுடைய முச்சக்கரவண்டியை ஐந்து வருடமாக அவள்தான் பார்க்கிறாள்.

"வாங்கி ரெண்டு கிழமைதான் அக்கா. ஓட்டம் நல்லம். ஆனா உள்ளுக்கு இருந்தா தலை சுத்துது. மனிசி இதுல ஏறமாட்டன் எண்டுட்டா."

"ஏறாதது நல்லது. ஒரு பொறி காணும், எரிஞ்சு முடிய."

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் முந்தின சொந்தக்காரர் அதை ஒரு மரத்தடியில் நிறுத்தியவர், மூன்று வருடமாக எடுக்கவேயில்லை என்று தாஹிர் சொன்னான். அதைக் கேட்டவுடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஓடாமல் கிடந்த வாகனத்தில் முதலில் சாவது றப்பர்தான். பெற்றோல் ராங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள எல்லா ஹோசையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள்.

சிவாஜினிக்கு நாற்பத்துநான்கு வயது. கராஜ் அவளுடையது, வேலையும் அவளுடையதுதான். 2007இல், அவர்கள் கடற்கரைக் கிராமமான சல்லியில் இருந்தபோது, அவள் கணவன் தவநேசனை, விசாரிக்க வேண்டும் என்று சொல்லிப் பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவள் வயிற்றில் இரண்டு மாதம். அதை அவனிடம் சொல்ல வருகிற வெள்ளிக்கிழமையை நினைத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, அவன் வரவில்லை.

மகள் யசோதரா பிறந்து மூன்று வயதானபோது சிவாஜினி சல்லியை விட்டு லிங்கநகருக்கு, அக்காவின் காணிக்கு வந்தாள். தவநேசனின் ஸ்பனர்கள் இருந்தன. அவன் வாகனத்துக்குக் கீழே கிடந்து கை நீட்ட நீட்ட எடுத்துக் கொடுத்த பழக்கமும் இருந்தது. நாலு தகரத்தைப் போட்டுத் தொடங்கினாள். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களின் வாகனங்களையும் இப்போது அவள்தான் திருத்துகிறாள்.

மறுநாள் காலை பற்றறி வயரைக் கழற்றினாள். ராங்கில் இருந்த பெற்றோலைக் கேனில் இறக்கினாள். ஹோசுகள் அவள் நினைத்ததைவிட மோசம். விரலால் வளைத்தபோது மேல்தோல் மொரமொரவென்று வெடித்தது. உள்பக்கம் கரைந்து மையாகக் கையில் ஒட்டியது. ராங்கடியில் இருந்த துண்டைக் கழற்றினாள், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டையும் வெட்டி எடுத்தாள். மிஞ்சியது நடுவில். அங்கே இரும்புக் குழாய் எப்போதோ துருப்பிடித்து உடைந்திருக்க வேண்டும். உடைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு சாண் ஹோசால் யாரோ இணைத்திருந்தார்கள். அது சைலன்சருக்கு ஒரு கை தூரத்தில் தொங்கியது.

அதை உருவப் போனவளின் கை நின்றது. மற்ற எல்லாம் கரிக்கட்டையாகிக் கிடக்க, அந்த ஒரு துண்டு மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது. அழுத்தினால் அமுங்கியது, விட்டால் நிமிர்ந்தது. இரண்டு முனையிலும் கிளிப் இல்லை. நைலோன் நூலால் கட்டியிருந்தது. வாகனத்தின் சட்டத்தில் உரசாமல் இருக்க நடுவில் ஒரு சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி, அதையும் நூலால் பின்னியிருந்தது.

அவள் ரோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோனாள்.

தவநேசன் கிழிந்த வலை பொத்துகிற மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். கடற்காற்றுக்குக் கிளிப் துருப்பிடிக்கும், நைலோன் பிடிக்காது என்று சொல்லி, ஹோசுகளை வலை முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவான். அவன் இடக்கையன். சல்லியில் எல்லோரும் போடுகிற முடிச்சு அவன் கையில் கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கமாகத் திரும்பி விழும். நூலின் வாலை மடித்து, முடிச்சுக்குள்ளேயே செருகிவிடுவான். அந்த முடிச்சை அவிழ்க்க அவளுக்குத் தெரியும். போட ஒருநாளும் வரவில்லை.

பிக்கப்பின் வயிற்றில் இருந்தது அந்த முடிச்சு. வால் உள்ளே செருகியிருந்தது.

முதலில் அவளுக்கு ஒரு மெல்லிய மகிழ்ச்சிதான் வந்தது. அவன் கை பட்ட ஒன்று எங்கேயோ சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. அவன் இருந்த காலத்தில் செய்தது. அப்படி நினைத்துக்கொண்டு ஹோசில் படிந்திருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்தாள். வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. கொம்பனிப் பெயர், அளவு, கடைசியில் அது செய்யப்பட்ட வருடம்.

2016.

துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. அது ஓய்ந்த பிறகும் அவள் அப்படியே கிடந்தாள். திரும்பத் துடைத்துப் பார்த்தாள். ஆறுக்கு முன்னால் இருந்தது ஒன்றுதான், பூச்சியமில்லை. அவன் போய் ஒன்பது வருடம் கழித்து எந்த இடத்திலோ ஒரு யந்திரம் இந்த றப்பரைச் செய்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் இதைக் கட்டியிருக்கிறான்.

யாராவது அவனிடம் அந்த முடிச்சைப் பழகியிருக்கலாம் என்று யோசித்தாள். அவன் ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேறொரு இடக்கையனாக இருக்கலாம். அன்று பின்னேரம் முழுவதும் ஒரு கம்பியில் நைலோன் நூலைச் சுற்றி, இடக்கையால் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தாள். நூல் விரலை வெட்டியதுதான் மிச்சம்.

மற்ற ஹோசுகளையெல்லாம் புதிதாக மாற்றினாள். நடுத்துண்டில் கை வைக்க அவளால் ஏலவில்லை. நல்லாத்தானே இருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெற்றோலைத் திரும்ப ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மணமும் இல்லை. பிறகு தாஹிருக்குப் போன் பண்ணினாள்.

"இதை ஆரிட்ட வாங்கினனீங்கள் தம்பி?"

"குச்சவெளியில, கனகசுந்தரம் எண்டு ஒரு வெங்காயக்காரர். ஏன் அக்கா?"

"என்னை ஒருக்கா அவரிட்டக் கூட்டிக்கொண்டு போக ஏலுமோ?"

ஏன் என்று அவள் சொன்னதும் தாஹிர் ஹோசில் இருந்த வருடத்தைத் திரும்பக் கேட்டான். பிறகு, "நாளைக்குக் காலையில வாறன்" என்றான்.

கருவிப் பையை அவள் எங்கே போனாலும் எடுத்துப் போவாள். அன்று அதற்குள் லமினேற் பண்ணிய படத்தையும் வைத்தாள். 2006இல் எடுத்த படம். எத்தனையோ அலுவலகங்களுக்கும் கூட்டங்களுக்கும் போய் வந்து நாலு மூலையும் தேய்ந்திருந்தது. மகள் பாடசாலைக்குப் போய்விட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கனகசுந்தரத்துக்கு எழுபதை நெருங்கிய வயது. முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர், தன்னுடைய பிக்கப் திரும்பி வருவதைக் கண்டு எழும்பி நின்றார்.

"என்ன தம்பி, ஏதும் பிழையோ?"

"பிழை ஒண்டும் இல்லை ஐயா" என்றாள் சிவாஜினி. "நான்தான் இதுக்கு ஹோஸ் மாத்தினனான். கீழ நடுவில ஒரு துண்டு நூலால கட்டியிருக்கு. அது ஆர் செய்த வேலை எண்டு கேட்டுப் போக வந்தனான்."

கனகசுந்தரம் வாகனத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நகங்களுக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தார்.

"உங்களுக்கு எவடம் பிள்ளை?"

"லிங்கநகர்."

கனகசுந்தரம் கதிரையின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து மெதுவாக இருந்தார்.

"மகளின்ர கலியாணம் நடந்த வருசம்" என்று தொடங்கினார். "2016, ஆவணி. திருகோணமலை ரவுணில பானை சட்டியெல்லாம் ஏத்திக்கொண்டு வாறன். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி இங்கால வரேக்க எஞ்சின் நிண்டிட்டுது. இறங்கிப் பாத்தால் கீழ பெற்றோல் ஊத்துப்படுது. மத்தியானம் பன்னிரண்டு மணி. கச்சான் காத்து நெருப்பா வீசுது. றோட்டில ஒரு குருவி இல்லை. என்ன செய்யிறதெண்டு நிக்க, கடல் பக்கத்தால ஒரு பொடியன் வந்தான். என்ன ஏதெண்டு அவன் கேக்கேல்லை பிள்ளை. கையில ஒரு சாண் ஹோஸ், கொஞ்சம் நூல். நேர வந்தான், கீழ பூந்திட்டான்."

"கையில கொண்டு வந்தவரோ?"

"ஓம். எவ்வளவு வேணுமோ அவ்வளவு. அளந்து வெட்டின மாதிரி. தார் கொதிச்ச கொதிப்பில என்னால நிக்க ஏலாமல் கிடந்தது. அவன் முதுகை வைச்சுக் கிடந்து வேலை செய்தான். எழும்பி வரேக்க பாத்தனான், ஒரு சொட்டு வேர்வை இல்லை. தண்ணிப் போத்திலை நீட்டினனான். அதைப் பாத்தான், பாத்துக்கொண்டே நிண்டான், வாங்கேல்லை."

"ஏதும் கதைச்சவரோ ஐயா?"

"ஒண்டே ஒண்டு. 'மிச்ச ஹோசும் பழுதாப் போச்சு ஐயா. லிங்கநகரில ஒரு கராஜ் இருக்கு. அங்க குடுங்கோ. அவ மாத்தித் தருவா' எண்டான்."

தாஹிர் அவளைத் திரும்பிப் பார்த்தான். சிவாஜினி குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எண்டவரோ, அவை எண்டவரோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அவ எண்டுதான் சொன்னவன். கராஜில என்னண்டு பொம்பிளை இருப்பா எண்டு நான் அப்பவே யோசிச்சனான்."

அவள் பையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெயில் பக்கமாகத் திருப்பினார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"இவன்தான். அதே நெத்தி." பிறகு, "இந்தப் படம் எப்ப எடுத்தது பிள்ளை?" என்று கேட்டார்.

"2006இல. அடுத்த வருசம்தான் என்ர மனிசனைக் கொண்டு போனவை."

அவருடைய வாய் அசைந்தது, கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. படத்தை அவளிடம் தராமல் மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நான் கண்டது பத்து வருசம் கழிச்சு. ஆனா இந்தப் படத்தில இருக்கிற பொடியனைத்தான் கண்டனான். ஒரு வயசும் கூடேல்லை. நாப்பது வயசுக்காரனை நான் பொடியன் எண்டு சொல்லமாட்டன் பிள்ளை."

முற்றத்தில் கோழி ஒன்று சருகைக் கிளறியது. சிவாஜினிக்கு அந்தச் சத்தம் காதுக்குள் கிளறுவதுபோல இருந்தது.

"அவர் லிங்கநகரில குடுக்கச் சொன்னவர். நீங்கள் ஏன் கொண்டு வரேல்லை?" குரல் அவள் நினைத்ததைவிட உரத்து வந்தது. "ஒன்பது வருசம் ஐயா!"

"பயம்" என்றார் அவர். சொல்ல வெட்கப்படுகிறவர் போலத் தாஹிரைப் பார்த்தார். "வேலை முடிஞ்சதும் அவன் வந்த பக்கமே போனான். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். உங்களுக்குத் தெரியும், அவடத்தில றோட்டுக்கும் கடலுக்கும் ஒரு அறுபது யார் தூரம்தான் இருக்கும். அவன் நடக்கிறான், நடக்கிறான், சின்னனாப் போறான். ஆனா தண்ணியைத் தொடேல்லை. கடல் அதே இடத்தில கிடக்குது, அவன் ஒரு மைல் போன ஆள் மாதிரி ஒரு புள்ளியாப் போயும் இன்னும் மணலிலதான் நடக்கிறான். நான் எஞ்சினை எடுத்துக்கொண்டு ஓடி வந்திட்டன். கலியாண வீட்டில இதை ஆருக்குச் சொல்லுறது? அதுக்குப் பிறகு லிங்கநகர் எண்டாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். ரவுணுக்குப் போனாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ பிள்ளை."

அவள் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

திரும்பி வரும்போது தாஹிர் வீதியிலேயே கண்ணை வைத்து ஓட்டினான். கும்புறுப்பிட்டி கழிந்தது. சிவாஜினிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவன் என்றால், அவள் இருக்கிற இடம் தெரிந்தும் வராமல் இருந்திருக்கிறான். உயிரோடு இல்லாதவன் என்றால், அப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறான். லிங்கநகருக்கு அவள் வந்ததே அவன் போய் மூன்றரை வருடம் கழித்து. யார் சொல்லியிருப்பார்கள் அவனுக்கு? ஆரோ ஒரு வெங்காயக்காரரிடம் சொல்லி அனுப்பினவன், அறுபது யாரைத் தாண்டி ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கக் கூடாதா?

பாலம் தெரியத் தொடங்கியபோது பெற்றோல் மணத்தது.

"அக்கா..." என்றான் தாஹிர்.

"நிப்பாட்டுங்கோ. சாவியை எடுங்கோ. இறங்குங்கோ கெதியா."

ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். நடுவே தார் வீதி மத்தியான வெயிலில் நெளிந்தது. குனிந்து பார்த்தாள். நடுவில் இருந்து பெற்றோல் நூலாக ஒழுகியது. சைலன்சரில் பட்டால் முடிந்தது.

"நீங்கள் தள்ளிப் போய் நில்லுங்கோ தம்பி. பாலப் பக்கம் போங்கோ. வாகனம் ஏதும் வந்தா மறியுங்கோ. சிகரட்டோட ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம்."

"நீங்க கீழ போகப் போறீங்களா? எரிஞ்சா?"

"போங்கோ எண்டுறன்."

அவன் ஓடினான். அவள் போத்தில் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்துச் சைலன்சரின் மேல் போட்டுவிட்டுக் கீழே புகுந்தாள்.

காலையில் வெளிக்கிடும்போதுகூட அவள் அந்த ஹோசைத் தொட்டுப் பார்த்திருந்தாள். அப்போதும் மெதுமெதுவென்றுதான் இருந்தது. இப்போது அது காய்ந்த முருங்கைக் குச்சி போல இருந்தது. நீளத்துக்கும் வெடிப்பு. வெள்ளை எழுத்தைக் காணவில்லை. நைலோன் நூல் வெயிலில் கிடந்த வலைபோல வெளுத்து, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. முடிச்சு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தனை வருடமும் வராமல் இருந்த முதுமை, கனகசுந்தரம் வாயைத் திறந்து சொல்லி முடித்த அந்த ஒரு மணித்தியாலத்தில் மொத்தமாக வந்து இறங்கியிருந்தது.

யோசிக்க நேரமில்லை. கத்தியால் வெட்டி எடுத்தாள். ராங்குப் பக்கக் குழாயைப் பெருவிரலால் அடைத்தாள். பெற்றோல் முழங்கை வரை வழிந்து எரிந்தது. மற்றக் கையால் பைக்குள் புது ஹோசைத் தேடினாள். அப்போதுதான், கடல் பக்கச் சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு கால்களைக் கண்டாள்.

செருப்பில்லாத கால்கள். கணுக்காலில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

"தம்பி, உங்களைத் தள்ளிப் போகச் சொன்னனான்" என்றாள்.

"அக்கா! என்னையா?" தாஹிரின் குரல் தூரத்தில், பாலத்தடியில் இருந்து வந்தது.

அவள் அசையாமல் கிடந்தாள். வலது குதிக்காலில் பிறை வடிவில் ஒரு தழும்பு இருந்தது. பன்னிரண்டு வயதில் திருக்கை முள் ஏறிய தழும்பு என்று அவன் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் அதில் நல்லெண்ணெய் பூசிவிட்டிருக்கிறாள்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. பெருவிரலை எடுத்தால் பெற்றோல் ஊற்றும். சாக்கு இப்போதே ஆவி விடுகிறது. எரிந்தால் அவளோடு போகாது. தாஹிர் ஓடி வருவான், இழுக்கப் பார்ப்பான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"நில்லுங்கோ" என்றாள் மெல்ல. "போகாதேங்கோ. இதை முடிச்சிட்டு வாறன்."

கால்கள் நின்றன.

புது ஹோசைக் குழாயில் ஏற்றினாள். மறுமுனையை மடித்துப் பிடித்துக்கொண்டு முதல் கிளிப்பை இறுக்கினாள். ஒழுக்கு நின்றது. இனி மற்ற முனை. ஒரு நிமிட வேலை. முடித்தால் அவன் போய்விடுவான் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்தது. அவன் இப்போது நிற்பது இந்த வேலைக்காக.

அவள் கிளிப்பை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு நிறுத்தினாள்.

"லிங்கநகர் தெரியுமெண்டால் ஏன் வரேல்லை?"

 ஒரு கால் அரை அடி முன்னால் வந்தது. அவ்வளவுதான். கோபமாகக் கேட்க வைத்திருந்தவை எல்லாம் அதோடு அவளுக்கு மறந்துபோயின.

இன்னும் அரைச் சுற்று.

"உங்கட அம்மா போன வருசம் தவறிட்டா. கடைசி மட்டும் உங்களுக்கெண்டு ஒரு சோத்துக் கோப்பை எடுத்து வைச்சவ." கிளிப் கிரீச்சிட்டது. "உங்கட வள்ளம் சித்தப்பாவிட்ட இருக்கு. கராஜை நான் தனியத்தான் செய்யிறன். உங்கட ஸ்பனர் ஒண்டும் துலையேல்லை."

கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தாரில் பெற்றோல் காய்கிற மணம் மட்டும்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லாமல் விட்டிட்டன். அந்த வெள்ளிக்கிழமை சொல்ல இருந்தனான். பொம்பிளைப் பிள்ளை. யசோதரா எண்டு பேர் வைச்சனான். பதினெட்டு நடக்குது. அவளும் இடக்கை."

கால்விரல்கள் தாரைப் பற்றுவதுபோல மடங்கின. பிறகு மெதுவாக விரிந்தன. அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை, ஒரு சாண் குறைவாக இருந்தது.

"அக்கா! பஸ் ஒண்டு வருது! முடிஞ்சுதா?"

சாக்குக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சுற்றை இறுக்கினாள். திறந்தபோது சில்லுக்குப் பக்கத்தில் வெறும் தார்தான் இருந்தது. ஒரு மணல் பருக்கைகூட அதில் இல்லை.

தாஹிர் வந்தபோது அவள் பிக்கப்பில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் ஒருவரும் இல்லை. அலைகள் அறுபது யாரில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"ஆரோட கதைச்சீங்க அக்கா?"

"நீங்கள் ஆரையும் கண்டனீங்களோ?"

"இல்ல." அவன் முகம் வெளுத்திருந்தது. "ஆனா நீங்க கதைச்ச நேரம் பூராக் காத்து நிண்டிட்டுது. இந்தக் காலத்துல இங்க காத்து நிக்காதே அக்கா."

பின்னேரம் யசோதரா ரியூசன் முடிந்து வந்தாள். சிவாஜினி சோறு போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் இருந்தாள். மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், மகள் முதல் வாய் எடுப்பதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டாள். முடிச்சில் இருந்து கால்கள் வரை எல்லாவற்றையும் சொன்னாள். யசோதரா சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பற்றி நீங்கள் சொன்னதுக்கு அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"விரலை மடக்கினவர்."

"எப்பிடி?"

சிவாஜினி மேசையில் தன் கைவிரல்களை வைத்து மடக்கிக் காட்டினாள். மகள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த ஐயா சொன்னது சரியெண்டால் அப்பாவுக்கு இன்னும் இருபத்தொன்பதுதான். எனக்கும் அவருக்கும் பதினொரு வயசுதான் வித்தியாசம்" என்றாள். "கொஞ்ச நாளில நான் அவரைவிட மூப்பாப் போயிடுவன் அம்மா."

 பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக மகளுக்கு முன்னால் சிவாஜினி வாய்விட்டு அழுதாள். யசோதரா எழும்பி வந்து, எச்சில் படாத கையால் தாயின் முதுகைத் தடவினாள். பெற்றோல் பட்டுச் சிவந்திருந்த அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, கற்றாழை முறித்து வந்து பூசிவிட்டாள்.

"முதலில இருந்து இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். "ஒண்டும் விடாமல். அவர் தண்ணிப் போத்திலை எவ்வளவு நேரம் பாத்தவராம்?"

கனகசுந்தரத்திடம் அதைக் கேட்காமல் வந்துவிட்டாள் சிவாஜினி. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தாஹிரின் பிக்கப் ஏற்றத்தில் வந்த இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினாள்.